மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏறுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் குடும்பத்தோடு போய்வர ஏற்ற இடங்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊட்டி மலை ரயிலைச் சேர்த்திருந்ததில் சந்தோஷம். ஆனால், குழந்தைகளும் வயதானவர்களும் உடன் இருந்தால் குன்னூர் வரை காரில் போய், அங்கே ரயில் ஏறினால் போதும் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை.

போன ஜனவரியில் எங்களுக்கு டிக்கெட் எடுத்துத் தர வந்த முகவரும் இதையேதான் சொன்னார். "அஞ்சு மணி நேரம் உட்கார முடியாதுங்க" என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டோம். தடுத்தவர் என் மாமனார். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். "பல்சக்கரமே கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான். அதை விட்டுட்டு மலை ரயில்ல என்னத்தப் பார்க்கப் போறீங்க?" என்றார். அவருக்கு வயது 78.

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் பிறகு வண்டி கிளம்பியது. சமவெளியில் சாதாரண ரயில் மாதிரிதான் ஓடியது. கல்லாறு தாண்டியதும் நன்றாக வேகம் குறைந்து, அடியில் ஏதோ கடித்துப் பிடித்தது போல பெட்டி ஒருமுறை அதிர்ந்தது. மாமனார் என் மகளின் விரல்களுக்கு இடையே தன் விரல்களைக் கோத்துக் காட்டினார். தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம் அது. அந்தக் கோத்த விரல்களை அவள் ஹில்குரோவ் நிலையம் வரை விடவில்லை.

ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது. ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத் திறந்த மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, கொடி காட்டிக் காட்டித்தான் செய்தி பின்னால் போகிறது. அந்தக் குளிர்காற்றில் அவர்கள் நின்றபடியே வந்ததைப் பார்த்த பிறகு ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்ற சண்டை எங்கள் பெட்டியில் அடங்கிவிட்டது. இவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

வழியில் 16 குகைகள். ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டோம். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் டீ குடித்துக் காலை நீட்டிக்கொள்ளலாம். தின்பண்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், குரங்குகள் விடாது. குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டினார்கள். அப்புறம் கேத்தி பக்கம் மலைச்சரிவில் படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள், அதன் மேல் பஞ்சு போல மூடுபனி. இந்தப் பகுதியும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1899-இல் குன்னூர் வரை அந்தப் பாறைகளைக் குடைந்து பாதை போட்டவர்களின் உழைப்பு கீழே இருக்கும் பாதியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும் மேட்டுப்பாளையம் தொடங்கி உதகை வரையிலான 46 கிலோமீட்டரையும் சேர்த்துத்தான்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு, ஹில்குரோவ் பக்கம் மண்சரிந்து ரயில் ரத்தாவது உண்டு. அதனால் மழை ஓய்ந்த ஜனவரி நல்லது. இருக்கைகள் குறைவு, முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஊட்டியில் ஓர் இரவு தங்கினால், விடிகாலையில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடப்பதையும் பார்த்துவிடலாம்.

ஐந்து மணி நேரமும் மாமனார் ஒரு கணம்கூடக் கண்ணயரவில்லை. உதகையில் இறங்கியதும் அவர் கேட்டது, "இறங்குறப்பவும் இதுலயே போகலாமா?"

இப்படிக்கு,
பொன்மலை வாசகி ஒருவர்,
திருச்சி