23-ஐ 24-ஆல் பெருக்கிய பிள்ளைக்கு மதிப்பெண் கொடுங்கள்: வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு, எட்டாம் வகுப்புக் கணிதம், தமிழ் வழி, ஏழாவது கேள்வி. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்; தேர்வு நடந்த அன்று மாலையே ஆசிரியர்கள் பலர் உங்களை அழைத்துச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் கேட்க நினைத்தது 2³ × 2⁴. பிள்ளைகள் கைக்கு வந்தது 23 × 24. கீழே கொடுத்திருந்த விடைகள்: அ) 27, ஆ) 212, இ) 47, ஈ) 412. இவையும் 2⁷, 2¹², 4⁷, 4¹² என்று இருந்திருக்க வேண்டியவை. தலைக்கு மேலே நிற்க வேண்டிய எண்கள் ஒன்று விடாமல் தரைக்கு இறங்கிவிட்டன.

2³ × 2⁴ = 2⁷ என்பதால் 'அ' எழுதியவர்களுக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொல்லியிருக்கிறீர்கள். என்னால் அப்படிப் போட முடியவில்லை. என் வகுப்பு மாணவி ஒருத்தியின் விடைத்தாள் என் மேசையில் இருக்கிறது.

தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு கிழித்து 23-ஐ 24-ஆல் பெருக்கியிருக்கிறாள். 92, அதற்குக் கீழே 460, கூட்டினால் 552. கொடுத்த நான்கிலும் 552 இல்லை. தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்து, எண்களை இடம் மாற்றி 24-ஐ 23-ஆல் பெருக்கியிருக்கிறாள். 72, 480. மறுபடியும் 552. அழித்த தடத்தில் தாள் மெலிந்து மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. கடைசியில், இருப்பவற்றில் 552-க்குப் பக்கத்தில் வருவது 412 என்று 'ஈ' எழுதிவிட்டாள். இந்தக் கேள்வியிலேயே பத்து நிமிடம் போயிருக்க வேண்டும். கடைசி ஐந்து மதிப்பெண் வினாவைப் பாதியில் விட்டிருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன். "இரண்டு முறை போட்டுப் பார்த்தேன் டீச்சர், 552தான் வருகிறது" என்றாள். தப்புச் செய்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

அவள் அடுக்குகள் தெரியாத பிள்ளை அல்ல. இந்தப் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் நான் சொல்லும் முதல் வாக்கியம், 2³ என்பது 23 அல்ல, 2 × 3-உம் அல்ல, 2 × 2 × 2 என்பதுதான். அடிமானமான 2-ஐ வெள்ளைச் சாக்பீஸிலும் அடுக்கான 3-ஐ மஞ்சள் சாக்பீஸிலும் எழுதுகிறேன். அந்தச் சின்ன எண் எங்கே நிற்கிறது என்று பார், அது நிற்கும் இடம்தான் அதன் பொருள் என்று இரண்டு வாரம் தொண்டை வறளச் சொல்கிறேன். அவள் பார்த்தாள். மேலே ஒன்றும் நிற்கவில்லை. அதனால் இருபத்து மூன்று என்று படித்தாள். அச்சில் இருந்ததை நம்பியவளுக்குச் சுழியம். 23 × 24 எப்படி 27 ஆகும் என்று யோசிக்காமல், மூன்றும் நாலும் ஏழு, இரண்டில் தொடங்கி ஏழில் முடிவது எது என்று தேடியவனுக்கு மதிப்பெண். இதைத்தான் நீங்கள் திருத்தச் சொல்கிறீர்கள்.

இது ஒரு கேள்வியோடு நிற்கும் கோளாறு அல்ல. எலக்ட்ரானின் மின்னூட்டத்தின் அளவு 1.6 × 10⁻¹⁹ கூலூம். அதை 1.6 × 10-19 என்று அச்சிட்டால், கணக்குத் தெரிந்த பிள்ளை 16-இலிருந்து 19-ஐக் கழித்து -3 என்று எழுதும். அவகாட்ரோ எண், அதாவது ஒரு மோல் என்னும் அளவுப் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கை, 6.022 × 10²³. மேலே இருப்பது கீழே விழுந்தால் 1023. ஒரு மோல் தண்ணீரில் ஆறாயிரத்துச் சொச்சம் மூலக்கூறுதான் என்றாகிவிடும். வேதியியலில் எண் காலடியில் நிற்கிறது. H₂O-வில் ஆக்சிஜனின் காலடியிலும் ஒரு 2 வந்து நின்றால், குடிக்கிற தண்ணீர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடுகிறது. தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு தந்த பெர்சீலியஸ் அந்த எண்ணை முதலில் மேலேதான் எழுதினார். பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கீழே இறக்கினார்கள். அடுக்குக்கு மேலிடம் என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் டெக்கார்ட் 1637-இல் எழுதிய முறையிலிருந்து நிலைத்தது. இத்தனை பேர் யோசித்து வைத்த இடத்தை நாம் ஒரு மதிய வேளையில் கலைத்துவிடுகிறோம்.

எப்படிக் கலைகிறது என்பதும் தெரிந்த கதை. கணினியில் எண்ணை மேலேற்றுவது பெரும்பாலும் வடிவமைப்பு மட்டும்தான். ஒரு கோப்பிலிருந்து எடுத்து வேறொன்றில் ஒட்டும்போதும், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போதும் வடிவமைப்பு உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சுகிறது. தட்டச்சு செய்தவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு 23-உம் 2³-உம் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். ஒன்றல்ல என்று தெரிந்த ஒருவர் அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பைப் பார்த்திருக்க வேண்டாமா?

ஆங்கில வழித் தாளில் இதே கேள்வி சரியாக இருந்தது. எனக்கு ஆறாத இடம் இதுதான். தமிழில் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கோயில் வாசலில் விற்கும் தோத்திரப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் இல்லாத வடமொழி ஒலிகளுக்காக க², க³, க⁴ என்று எண்ணைத் தலையில் ஏற்றி, க³ணபதி என்று பிசகாமல் அச்சிட்டிருப்பார்கள். என் பாட்டியின் பழுப்பேறிய புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. பாட்டியின் உச்சரிப்புக்குக் கிடைத்த அக்கறை பேத்தியின் கணக்குக்குக் கிடைக்கவில்லை. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை எதிலும் மிச்சம் மீதியைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யார் தீர்மானித்தது? போட்டித் தேர்வுகளுக்குப் போனால், ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று தாளிலேயே போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே அந்தப் பாடத்தையும் சேர்த்து நடத்த வேண்டுமா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இரண்டே.

ஏழாவது கேள்விக்கு விடை எழுத முயன்ற எல்லோருக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுக்கும்படி எழுத்தில் உத்தரவிடுங்கள். அடுத்த தேர்விலிருந்து கணிதம், அறிவியல் தாள்களின் தமிழ் மெய்ப்பை அந்தப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரிடம் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். வேறு ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். விடுமுறை நாளானாலும் சரி, பயணப்படி வேண்டாம். ஒரு மணி நேரமும் சிவப்புப் பேனாவும் போதும்.

மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியை