இன்னொரு கொள்கலன், சறுக்கும் இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொள்கலன் என்றதும் துறைமுகம் நினைவுக்கு வரும் ஊர் நமது திருகோணமலை. இங்கு மென்பொருள் பயிலும் மாணவர்களுக்கு மற்றக் கொள்கலனைப் பற்றி, அதாவது நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் தானியக்க வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் எத்தனை திட்டங்களிலும் செருகக்கூடிய டொக்கர் (நிரலை அதற்குத் தேவையானவற்றுடன் கொள்கலனாகப் பொதியும் கருவி) படிமுறை பற்றிச் சில குறிப்புகள்.

தேவை மூன்றே கோப்புகள்: கொள்கலனின் அச்சான இமேஜைக் கட்டும் வழியைச் சொல்லும் டொக்கர்ஃபைல், உள்ளீடுகளை அறிவிக்கும் யாமெல் (அமைப்புகளை எழுதும் வடிவம்) கோப்பு, வேலையைச் செய்யும் கட்டளைகள் அடங்கிய ஷெல் ஸ்கிரிப்ட். பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவதில்தான். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டின் வரி முடிவு சிஆர்எல்எஃப் என்ற இரட்டை எழுத்தாக இருந்தால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே அப்படியொன்று இல்லை என்று லினக்ஸ் சாதிக்கும். எந்த ஷெல்லால் இயக்குவது என்று சொல்லும் முதல் வரியின் கடைசியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் சேர்த்தே அது ஷெல்லின் பெயராக வாசிக்கிறது. லினக்ஸின் ஒற்றை எழுத்து வரி முடிவான எல்எஃப்புக்கு மாற்றிச் சேமியுங்கள். அல்பைன் என்ற சிறிய லினக்ஸ் இமேஜில் பாஷ் ஷெல் இல்லாததாலும் இதே பிழை வரும், எஸ்எச் ஷெல் போதும். அனுமதி மறுப்பு என்று வந்தால், ஸ்கிரிப்டுக்கு இயங்கும் அனுமதி கொடுக்க மறந்திருப்பீர்கள்.

டொக்கர்ஃபைலில், எந்தப் பயனராக இயங்குவது என்று சொல்லும் யூசர் வரி வேண்டாம். ரூட் (முழு அதிகாரப் பயனர்) அல்லாத பயனரால் வேலைக் கோப்புறையைத் தொட முடியாமல் போகலாம். பழைய பாடங்களில் வெளியீட்டைத் தர வரும் செட்-அவுட்புட் கட்டளையைக் கைவிடும்படி 2022இலேயே கிட்ஹப் அறிவித்துவிட்டது. வெளியீட்டை, கிட்ஹப்_அவுட்புட் மாறி சுட்டும் கோப்பில் எழுதுங்கள்.

ஒவ்வோர் ஓட்டத்திலும் இமேஜைப் புதிதாகக் கட்டுவது நேரத்தைத் தின்னும். ஒருமுறை கட்டி, இமேஜ்களைச் சேமிக்கும் பதிவகத்தில் ஏற்றி, அதன் முகவரியை யாமெல்லில் கொடுப்பதே எங்கள் தெரிவு. இந்தப் படிமுறை லினக்ஸ் ரன்னரில் (வேலையை ஓட்டும் கணினியில்) மட்டுமே ஓடும்.

மென்பொருள் பயிற்றுநர்கள்,
உவர்மலை, திருகோணமலை.