அன்னாசிச் சாறும் சைனஸும்

ஆசிரியருக்கு,

தினமும் ஒரு டம்ளர் அன்னாசிச் சாறு குடித்தால் நாள்பட்ட சைனஸ் தீரும் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த குறிப்பு பாதிதான் சரி. அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருப்பது உண்மை. ஆனால் மருந்துக்கு அதைப் பெரும்பாலும் தண்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். டின் பழமும் பெட்டிச் சாறும் சூடுபடுத்தப்படுவதால் அவற்றில் நொதி வேலை செய்யாது.

ஜெர்மனி அரசின் மூலிகை மருந்து நிபுணர் குழுவான 'கமிஷன் இ' 1993இல் புரோமெலைனுக்கு ஒப்புதல் தந்தது, அறுவை சிகிச்சைக்குப் பின்னும் அடிபட்ட பின்னும் வரும் வீக்கத்துக்கு, குறிப்பாக மூக்கு, சைனஸ் வீக்கத்துக்கு. அளவு நாளுக்கு 80 முதல் 320 மி.கி., 2 அல்லது 3 வேளையாகப் பிரித்து, சில நாட்கள் மட்டும். நாள்பட்ட, அதாவது 12 வாரத்துக்கு மேல் நீடிக்கும் சைனஸுக்கோ சிறிய ஆய்வுகளே ஆதாரம்.

'500 மி.கி.' என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நொதியின் வீரியம் ஜிடியு (GDU) அலகில் இருக்கிறது; அது எவ்வளவு புரதத்தை உடைக்கும் என்பதன் அளவு. கிராமுக்கு 2400 ஜிடியு உள்ள சரக்கில் 500 மி.கி. என்றால் 1200 ஜிடியு. 1200 உள்ளதில் வெறும் 600. சாப்பாட்டோடு விழுங்கினால் நொதி அதிலுள்ள புரதத்தைச் செரிக்கப் போய்விடும். வெறும் வயிற்றில் போடுங்கள். அமிலம் தாங்கும் மேலுறை உள்ள மாத்திரையை உடைக்கக் கூடாது. கடைகளில் கிடைக்கும் டிரிப்சின், புரோமெலைன், ருடோசைடு ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரையில் டிரிப்சின் என்ற நொதி வழக்கமாக விலங்கின் கணையத்திலிருந்து வருவது. சைவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் எடுப்பவர்களுக்கு இதனால் ரத்தக்கசிவு கூடலாம். அறுவை சிகிச்சை, பல் பிடுங்கல் எதுவானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அன்னாசி, பப்பாளி, ரப்பர் பால் ஒவ்வாதவர்கள் தொடவே வேண்டாம்.

அடிப்படைச் சிகிச்சை மூக்கைக் கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும்தான். கழுவுவதற்கு: கொதிக்க வைத்து ஆறிய நீர் 240 மி.லி., அயோடின் சேராத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடுவது ஆபத்து; மூளையைத் தாக்கும் அமீபா அவ்வழியே நுழையக்கூடும். கழுவிய பிறகே ஸ்பிரே. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் படாமல் பக்கச்சுவரில் படும். நடுச்சுவரில் அடித்து ரத்தம் வந்து நிறுத்துபவர்களும், பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்று அறியாமல் நாலாம் நாளே கைவிடுபவர்களும்தான் 'ஸ்பிரே கேட்கவில்லை' என்கிறார்கள்.

ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள். பல் வேரில் பிடித்த சீழ் எந்த நொதிக்கும் வற்றாது.

ஒரு மருந்தாளுநர்,
திருச்சி