கல்மரம் தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்: எடுக்குமுன் இடத்தை எழுதுங்கள்

அன்புள்ள கல்மரத் தேடல் நண்பர்களே,

வணக்கம். அண்மைக் காலமாக உங்களில் பலருடைய கல்மரச் சேகரிப்புகளை, அதாவது மண்ணில் புதைந்து கல்லாகிப்போன பழங்கால மரத் துண்டுகளை, பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. மெருகேற்றிய துண்டுகள், சிவப்பும் மஞ்சளும் வளையம் வளையமாக ஓடும் குறுக்குவெட்டுகள், எல்லாமே பார்க்கப் பார்க்கத் தெவிட்டாதவை. ஆனால் "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அந்தப் பக்கம் ஒரு ஓடையில்." எந்த ஓடை, கரையிலா படுகையிலா, மண்ணுக்குள் இருந்ததா மேலே கிடந்ததா என்று தொடர்ந்து கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

கல்லை எடுக்காதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. நானும் எடுக்கிறவன்தான். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் அனுமதிக்கும் அளவுக்கு எடுங்கள். ஆனால் குனிந்து தூக்குவதற்கு முன்னால் அது கிடந்த இடத்தை எழுதிவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு துண்டை நன்றாகக் கழுவி, ஈரம் காய்வதற்குள் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸால் அதன் குறுக்குவெட்டு முகத்தைப் பாருங்கள். ஊசியால் குத்திவிட்டதுபோல் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தால் அது பூக்கும் தாவர வகையைச் சேர்ந்த மரம். ஒரு காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய குழாய்கள்தான் அந்தத் துளைகள். அவை இல்லாமல் மிக நுண்ணிய அறைகள் ஒரே சீராக வரிசைகட்டி நின்றால் ஊசியிலை மரமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வளையமே இல்லாமல் முகமெங்கும் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் பனைக் குடும்பம் என்று ஊகிக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் வண்டு குடைந்த பாதை ஒன்று கால்சிடனி என்ற சிலிக்காக் கனிமத்தால் அடைபட்டு அப்படியே இருப்பதையும் பார்க்கலாம். அந்தப் பூச்சியின் உடல் எங்கும் மிஞ்சவில்லை. அது தின்ற வழி மட்டும் கல்லில் நிற்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை.

செத்து விழுந்த மரம் மட்கிப்போவதுதான் வழக்கம். வண்டலுக்குள்ளோ எரிமலைச் சாம்பலுக்குள்ளோ சட்டென்று புதைந்து, காற்றுப் படாமல் போனால்தான் தப்புகிறது. சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் செல்களுக்குள் ஊறி, அறை அறையாக நிரம்பிப் படிகிறது. பெரும்பாலும் முதலில் ஓபல், பிறகு கால்சிடனி, கடைசியில் குவார்ட்ஸ். மூன்றுமே சிலிக்காவின் வடிவங்கள்தான். நீரோடு வந்த இரும்பு சிவப்பையும் மஞ்சளையும் பழுப்பையும் கொடுக்கிறது. மாங்கனீசு கருமையைக் கொடுக்கிறது. இத்தனையும் கல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வயதை மட்டும் சொல்ல முடியாது. பழைய மரம், எலும்பு போன்றவற்றின் வயதைக் கணிக்கும் ரேடியோ கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் எட்டாது. கல்மரங்களோ கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கு. அந்த வயதைப் புவியியலாளர்கள் மரத்தை வைத்துக் கணிப்பதில்லை. அது புதைந்திருந்த பாறை அடுக்கை வைத்து, அந்த அடுக்கில் உள்ள சாம்பலையும் சிப்பிகளையும் வைத்துத்தான் கணிக்கிறார்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத துண்டு அலமாரியில் எவ்வளவு ஜொலித்தாலும் அதற்கு வயது கிடையாது.

வயது மட்டுமில்லை, வரலாறும் இடத்தில்தான் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு பழைய மரங்கள் மணற்கல்லில் படுத்துக் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. அவை அங்கே வளர்ந்த மரங்கள் அல்ல, வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்து புதைந்தவை என்று அறிஞர்கள் சொல்வது இதை வைத்துத்தான். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீள அடிமரம் இன்னும் வியப்பு. அது நிலத்தில் வளர்ந்த ஊசியிலை மரம். கிடப்பதோ டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடல் படிவுக்குள். புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைப் பற்றி எழுதினார். அந்த மரத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தால், ஆற்றோடு கடலுக்குப் போன ஒரு மரத்தின் கதை யாருக்குத் தெரிந்திருக்கும்?

நிற்கும் மரங்களின் கதை இன்னும் சிக்கலானது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் கல்மரங்கள் செங்குத்தாக நிற்கின்றன. நின்ற இடத்திலேயே புதைந்த காடு அது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1980-இல் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது, சேற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட அடிமரங்களில் சில வேர்ப்பக்கம் கீழாக, நின்ற வாக்கிலேயே போய் அமர்ந்தன. அதன் பிறகு யெல்லோஸ்டோன் மரங்களில் எது அங்கேயே வளர்ந்தது, எது வந்து சேர்ந்தது என்ற விவாதம் சூடுபிடித்தது. அதற்கு விடை தேடியவர்கள் வேரின் முனைகளையும் வேருக்குக் கீழே இருந்த மண்ணையும்தான் துருவினார்கள். அதே யெல்லோஸ்டோனில் சாலையோரம் நிற்கும் ஒற்றைக் கல்மரத்துக்கு 1907-இல் வேலி போட்டார்கள். அருகில் நின்ற இன்னொரு மரத்தை நினைவுப் பொருளாகச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தே ஆட்கள் தீர்த்துவிட்டிருந்தார்கள்.

இடத்தை இழந்த கல் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமானால் அரிசோனாவின் கல்மரக் காட்டுப் பூங்காவைப் பாருங்கள். 1906-இல் தியடோர் ரூஸ்வெல்ட் அதை நினைவுச்சின்னமாக அறிவித்தார். 1962-இல் தேசியப் பூங்காவானது. அங்கிருந்து ரகசியமாகக் கல்லை எடுத்துப் போனவர்கள் பலர், ஆண்டுகள் கழித்து மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார்கள். பூங்கா ஊழியர்கள் அவற்றை எடுத்த இடத்தில் திரும்ப வைப்பதில்லை. எங்கே வைப்பார்கள்? எந்தக் கல் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. தவறான இடத்தில் போட்டால் நாளைக்கு ஆய்வு செய்ய வருபவரை அது ஏமாற்றும். அதனால் ஓரமாக ஒரு குவியலில் சேர்க்கிறார்கள். எடுத்தவரே வருந்தித் திருப்பிக் கொடுத்த பிறகும் சரியாகாத இழப்பு இது.

அறிவியலின் பெயரால் எடுத்தாலும் கதை மாறுவதில்லை. தெற்கு டகோட்டாவில் கல்லாகிப்போன சைக்கட் வகைத் தாவரங்கள் (பார்வைக்குப் பனைபோல் இருப்பவை) ஏராளமாகக் கிடந்த ஓர் இடத்தை 1922-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தவற்றையெல்லாம் ஆய்வாளர்களும் சேகரிப்பாளர்களும் ஏற்கெனவே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பார்க்க வருபவருக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் 1957-இல் அந்த அறிவிப்பையே ரத்து செய்தார்கள். நம்மில் சிலர் "நாங்கள் விற்பதற்கா எடுக்கிறோம், ஆர்வத்தில்தானே" என்கிறோம். அந்த இடத்தைக் காலி செய்ததிலும் ஆர்வத்துக்குப் பெரிய பங்கு இருந்தது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவக்கரை, சாத்தனூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் சில்லைக்கூட எடுக்கக் கூடாது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. மற்ற இடங்களில் நிலம் யாருடையது, என்ன விதி என்று விசாரித்த பிறகே கால் வையுங்கள். அமெரிக்காவில் நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்களில் ஒருவர் ஒரு நாளைக்கு 25 பவுண்டும் கூடவே ஒரு துண்டும் எடுக்கலாம். ஆண்டுக்கு மொத்தம் 250 பவுண்டைத் தாண்டக் கூடாது. சொந்தச் சேகரிப்புக்கு மட்டும்தான், விற்கக் கூடாது. பல பேர் பங்கைச் சேர்த்து 250 பவுண்டுக்கு மேற்பட்ட ஒரே துண்டைத் தூக்குவதற்கும் தடை. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. சிறு துண்டுகளில் ஆசை தீர்கிறது, பெரிய அடிமரங்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன.

நம் கூட்டங்களில் பேசும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதே அரிசோனா பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவும் ஒரு சோதனை செய்தார்கள். அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் பாதையோரம் போட்டுவைத்து, வெவ்வேறு அறிவிப்புப் பலகைகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். எடுக்காதீர்கள் என்று நேராகக் கேட்ட பலகை இருந்தபோது 1.67 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. முன்பு வந்தவர்கள் நிறையப் பேர் எடுத்துப்போனதால் காடே மாறிவிட்டது என்று வருத்தப்பட்ட பலகை இருந்தபோது 7.92 சதவீதம் போயின. எல்லாரும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் நம் கையும் நீண்டுவிடுகிறது. "அந்த இடத்தில் எல்லாரும் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள்" என்று நாம் பேசும் ஒவ்வொரு பேச்சும் புதிதாக வந்த ஒருவரை அங்கே மூட்டையோடு அனுப்புகிறது. குறைப்பட்டுக்கொள்வதற்காகச் சொன்னாலும் அதுதான் நடக்கிறது.

இனி எழுதும் முறைக்கு வருகிறேன். துண்டைத் தொடாமல் முதலில் இரண்டு படம் எடுங்கள். ஒன்று கிட்டத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்து. இன்னொன்று பத்தடி தள்ளி நின்று, சுற்றுப்புறம் தெரியும்படி. கைபேசியில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி எழுதுங்கள். பிறகு, பலர் விட்டுவிடுகிற முக்கியமான வரி: அது பாறைக்குள் பதிந்திருந்ததா, உதிர்ந்து மேலே கிடந்ததா? உதிர்ந்து கிடந்தால் அதற்கு மேலே மேட்டில் எந்த அடுக்கு தெரிகிறது? ஓடையில் கிடந்தால் முனைகள் மழுங்கியிருக்கின்றனவா? கூர்மையாக இருந்தால் தாய்ப்பாறை, அதாவது அது முதலில் புதைந்திருந்த பாறை, பக்கத்தில்தான் இருக்க வேண்டும். உருண்டு மழுங்கியிருந்தால் தொலைவிலிருந்து வந்திருக்கலாம். பாறைக்குள் பதிந்திருந்தால் அடிமரம் எந்தத் திசையை நோக்கிக் கிடக்கிறது என்பதையும் எழுதுங்கள். பல மரங்களின் திசை ஒன்றுபோல் இருந்தால் பழைய ஆறு எப்படி ஓடியது என்பதற்கே அது தடயம்.

வீட்டுக்கு வந்ததும் துண்டின் மறைவான பக்கத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் தடவி, காய்ந்தபின் அழியாத மையால் ஒரு எண் எழுதுங்கள். அதே எண்ணை நோட்டில் போட்டு விவரத்தை அதில் எழுதுங்கள். தனிச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள், கல் ஓரிடமும் சீட்டு ஓரிடமுமாகப் பிரிந்துவிடும். வெட்டி மெருகேற்றுபவர்கள் ஒரு பக்கத்தையாவது கிடைத்தபடியே விட்டுவையுங்கள். வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மணலும் தாய்ப்பாறையும்கூட அடுக்கை அடையாளம் காட்டும். வெட்டும்போது தண்ணீர் விட்டே வெட்டுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும், சிலிகோசிஸ் என்ற அந்த நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த வழியில்லை.

விலைக்கு வாங்குபவர்களும் விற்பவரிடம் இடத்தைக் கேளுங்கள். நாட்டின் பெயரை மட்டும் சொல்லி மழுப்பினால் வாங்காதீர்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் விற்பவர்களும் எழுதி வைப்பார்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய துண்டுகளை என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். எறிந்துவிட வேண்டாம். ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, உடன் வந்தவர்களையும் கேட்டு, நினைவில் இருப்பதை எழுதுங்கள். ஊர் மட்டும் ஞாபகம் இருந்தால் ஊரை எழுதுங்கள், ஆண்டு மட்டும் ஞாபகம் இருந்தால் ஆண்டை. பக்கத்திலேயே "நினைவிலிருந்து எழுதியது" என்று குறியுங்கள். உறுதியாகத் தெரியாததை ஊகித்து நிரப்பாதீர்கள். தவறான முகவரியைவிடக் காலியான கட்டம் மேல். எழுதி முடித்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே கல்மரம் தேடும் ஒருவன்