அந்தச் சுரை விதையை ஊன்றாதே

அன்புள்ள முருகேசா,

சித்திரைக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டிக்கொள். போன் அடித்தால் நீயும்தான் எடுப்பதில்லை. முதலில் இதைப் படி: திருவிழாவுக்கு வந்தபோது ஒரு பொட்டலம் சுரை விதை கொடுத்தேனே, அதை ஊன்றாதே. முளைத்திருந்தால் கொடியோடு பிடுங்கிப் போடு.

நான் ஆடியில் ஊன்றியது போன வாரம் முதல் காய் விட்டது. கமலா கூட்டு வைத்தாள். வாயில் வைத்ததும் கசப்பு. "வெந்தயம் கூடிப்போச்சா?" என்றேன். அவள் முறைத்த முறைப்பில் மிச்சத்தையும் விழுங்கிவிட்டேன். அவள் கெட்டிக்காரி, ஒரு வாயோடு துப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு வாந்தி, பேதி, எழுந்தால் கண் இருட்டல். இரண்டு நாள் குளுகோஸ் ஏறியது. குக்கர்பிட்டசின் என்ற நஞ்சாம். வேகவைத்தாலும் போகாது, முறிவு மருந்தும் கிடையாது. உப்பு, நெய், பால், தயிர் எது போட்டாலும் பேய்ச்சுரை கசக்கும் என்ற பாட்டுக்காகத் தமிழய்யா நம்மைப் பெஞ்சில் ஏற்றினாரே! அறுபது வயதில் செய்முறைத் தேர்வும் எழுதியாகிவிட்டது.

வேலியோரம் படர்ந்திருந்த பேய்ச்சுரைதான் காரணமாக இருக்க வேண்டும். சுரைப்பூ சாயங்காலம் விரியும். இரவில் அந்துப்பூச்சி அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கும். ஆனால் கலப்பு நடந்த வருஷத்துக் காய் கசக்காது, முருகேசா. தோலும் சதையும் தாய்க்கொடியின் உடம்பு. கலப்பு விதைக்குள் மட்டும்தான். நீ இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயே, அதே கொடியில் முற்றவிட்டு எடுத்த விதைதான் இது. கசப்பு ஓங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டில் ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும், அடுத்த தலைமுறையில் தலைகாட்டிவிடுகிறது.

வெள்ளரியில் இதைச் சீன விஞ்ஞானிகள் 2014-இல் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கசப்பைத் தயாரிக்க ஒன்பது மரபணுக்கள். அவற்றை முடுக்கிவிட இலைக்கு ஒரு சுவிட்சு, காய்க்கு ஒரு சுவிட்சு. நாம் தின்னும் வெள்ளரியில் காயின் சுவிட்சு மந்தம், அவ்வளவுதான். அந்த ஒன்பதும் செடிக்குள் அப்படியே இருக்கின்றன. எத்தனை தலைமுறை உழவர்கள் கடித்துப் பார்த்து, துப்பி, விதை பொறுக்கியிருப்பார்கள்! நானோ வேலியைக்கூடப் பார்க்காமல் விதை எடுத்தேன்.

2015-இல் ஜெர்மனியில் 79 வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டுத் தோட்டத்துச் சீமைச் சுரைக்காய் கசந்தும் சாப்பிட்டு இறந்தே போனார். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பள்ளித் தோட்டத்துக்கு வேண்டுமென்று உன் பேத்தி பாதி விதையை எடுத்துக்கொண்டாளே?

இன்றைக்கே அவளிடம் கேள். கடிதம் வேண்டாம், போன் செய்.

உன்,
செல்வம்