குழாயே இல்லாத தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

சென்னையின் நீர்த் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் அண்மையில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில், நகரத்தின் 2050-ஆம் ஆண்டுத் தண்ணீர்த் தேவையை ஒரே பெருக்கலில் சொல்லி முடித்தீர்கள்: வரப்போகும் மக்கள்தொகை, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். "அத்தனை பேரும் எந்தப் பகுதியில் இருப்பார்கள்?" என்று எங்கள் நலச்சங்கச் செயலாளர் கேட்டதற்கு, எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்று பதில் வந்தது. எழுதியே கொடுக்கிறோம்.

எங்களுடையது பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்தவர்கள் நாங்கள். சொத்து வரி தவறாமல் கட்டுகிறோம். குழாய் இன்னும் வரவில்லை. போர்வெல் தண்ணீர் உப்பு. வாளி விளிம்பில் வெள்ளையாகப் படியும். அடுக்குமாடிக்காரர்கள் காசு கொடுத்து லாரி வரவழைத்துக்கொள்கிறார்கள். தெருக்கோடி வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு முனையில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிதான் கதி.

அங்கே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தொட்டிக்கு லாரி எந்த நேரத்தில் வரும் என்று தெரியாததால், வரவேண்டிய நாளில் வண்டியைத் திறப்பதே இல்லை. குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அன்றைய வருமானம் போச்சு. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்துக்கு முதல் அலசல், துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தினமும் குளிப்பாட்ட முடியவில்லை என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும்.

அவர் வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் செலவாவதில்லைதான். அதற்காக அந்த வீட்டுக்குத் தேவை குறைவு என்று எழுதிவிடுவீர்களா? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52.5 கோடியாகக் குறைந்தது. அந்த ஆண்டு ஊருக்குத் தாகம் குறைந்துவிட்டதா? கொடுத்ததை அளந்து அதையே தேவை என்று நீட்டிக்கொண்டு போனால், குழாய் இல்லாத தெருக்கள் கணக்கிலேயே வராது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: உங்கள் மதிப்பீட்டைப் பகுதிவாரியாக, அதன் அனுமானங்களோடு, மக்கள் பார்வைக்கு வையுங்கள். லாரியில் வாங்குவதையும் போர்வெல்லில் இறைப்பதையும் அதில் சேருங்கள்.

இதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விட முடியாது. ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நதி நீருக்கு 1983-இல் ஒப்பந்தம் போட்டோம். தண்ணீர் 1996-இல்தான் வந்தது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை 2013-இல் திறந்தது, இரண்டாவது 2024-இல். இன்றைக்குத் தப்பாகப் போடும் கணக்கை இன்று பிறக்கும் பிள்ளைகள்தான் சுமக்க வேண்டும். மக்கள்தொகைக்கோ 2011 கணக்கெடுப்பைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 2021-இல் எடுக்க வேண்டியது அந்த ஆண்டு நடக்கவே இல்லை. இடைப்பட்ட காலத்தில் இந்தச் சாலை நெடுக எத்தனை மாடிகள் எழும்பின! கூவம், அடையாறு கரைகளிலிருந்து எத்தனை குடும்பங்களை இந்தப் பக்கத்துப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் அரசே குடிவைத்தது! பழைய வளர்ச்சி விகிதத்தை நீட்டிப் பார்த்தால், ஏற்கெனவே நிரம்பிவிட்ட தியாகராய நகருக்கு ஓரளவு பொருந்தலாம். எங்களுக்குப் பொருந்தாது. மாடி கட்ட அனுமதி கொடுக்கும் துறையும் தண்ணீர் கொடுக்க வேண்டிய துறையும் ஒரே அரசில்தானே இருக்கின்றன? ஒன்றின் கோப்பு மற்றொன்றின் மேசைக்குப் போகாதா? 2015-இல் வெள்ளத்தில் மிதந்த ஊர், நாலே வருடத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்தது. அதன் பிறகும் ஒரு பெருக்கலோடு எங்களைத் திருப்பி அனுப்புவது நியாயமா?

கோபத்தில் எழுதியது கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் 2019-இல் இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. பகுதிவாரிக் கணக்கை, அடுத்த கூட்டத்துக்கு முன்பாக, தமிழில் வெளியிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு எத்தனை லாரி வருகிறது என்ற விவரத்தை நாங்களே எடுத்துத் தருகிறோம். வாங்கிக்கொள்ள ஓர் அலுவலரை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில் ஓர் உறுப்பினர்