நிறம் பிறழும் காணொளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரே காணொளிக் கோப்பு ஒரு பிளேயர் மென்பொருளில் பளிச்சென்றும் மற்றொன்றில் சாம்பல் பூத்தும் தெரிந்தால் திரையையே குறை சொல்கிறோம். பல வேளைகளில் தவறு மென்பொருளுடையது. ஒளியளவை 0 முதல் 255 வரையான எண்களால் குறிக்கும் 8 பிட் காணொளியில் கருமை 16 என்றும் வெண்மை 235 என்றும் பதிவாவது வழக்கமாயிருக்க, அதை 0 முதல் 255 வரை விரிக்காமல் அப்படியே கணினித் திரைக்கு அனுப்பும் பிளேயரில் இரவுக் காட்சியும் வெளிறிப்போகிறது. இதையாவது கண் உடனே கண்டுகொள்ளும். உயர் துல்லியக் காணொளிக்குரிய பிடி.709 தரத்துக்குப் பதிலாக, சாதாரணத் துல்லியக் காணொளிக்காக 1982இல் வந்த பிடி.601 தரத்தின் நிறக் கணக்கைப் பயன்படுத்துவதால் சிவப்பும் பச்சையும் சற்றே பிறழ்வதை, மூலத்தோடு ஒப்பிடாதவர் (நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன்) அறிவது அரிது. கோப்பில் எந்தத் தரம் என்ற நிறக்குறிப்பு இல்லாதபோது படத்தின் அளவைக் கொண்டு தரத்தை ஊகிக்கும் பிளேயர்கள், எதை ஊகித்தன என்பதைத் திரையில் காட்டி, அதை மாற்றிக்கொள்ளும் வசதியையும் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்